நோர்வேஜியக் கூட்டுச்சொற்களை எங்கே பிரிப்பது, எப்படி உச்சரிப்பது?

நோர்வேஜிய மொழியைப் படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் அதன் இலக்கணத்தைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினைச்சொல் மாறாத மொழி அது. தமிழில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அவர்களைத் தயங்க வைப்பவை வேறு. அரசாங்கக் கடிதத்திலும் மருந்துச் சீட்டிலும் பாலர் பள்ளியின் அறிவித்தலிலும் இடைவெளியே இல்லாமல் இருபது, முப்பது எழுத்துகளுக்கு நீளும் சொற்கள்தான் அவை. நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணிபுரிகிறேன். புதிதாக வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் இத்தகைய சொல்லொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இதை எங்கே நிறுத்தி வாசிக்கிறது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மிகச் சரியான கேள்வி அது. எப்படி வாசிப்பது என்பதற்கு முன்னால் எங்கே பிரிப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரிப்பு பிழைத்தால் ஒலியும் பிழைத்துவிடும்.

பல ஆண்டுகளாக இந்தச் சொற்களோடு பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நோர்வேஜியக் கூட்டுச்சொல்லின் பொருள் கடைசித் துண்டில் இருக்கிறது, அதன் ஒலியின் அழுத்தம் முதல் துண்டில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள ஒட்டு எங்கே என்று தெரிந்தால்தான் இரண்டும் கைகூடும். தமிழிலும் ‘மரப்பெட்டி’ என்பது பெட்டியே தவிர மரமல்ல என்பதால், பொருளைப் பின்னாலிருந்து பிடிப்பது நமக்குப் புதிதல்ல. அழுத்தத்தை முன்னால் வைப்பதுதான் நமக்குப் புதிது.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வேஜிய ‘டி’ (t) எழுத்தின் ஒலி, ஆங்கிலம் படித்த நாம் எதிர்பார்ப்பதுபோல ‘ட்’ அல்ல. பல்லைத் தொடும் ‘த்’துக்கே அது நெருக்கமானது. ஆகவே இந்தக் கட்டுரையில் அதை ‘த்’ என்றே எழுதுகிறேன். ‘ட்’ என்று நான் எழுதும் இடங்களில் நாக்கு உண்மையாகவே மேல் அண்ணத்துக்கு வளைகிறது. இதழைக் குவித்துச் சொல்ல வேண்டிய சில உயிரொலிகளைத் தமிழ் எழுத்தால் முழுமையாகக் காட்ட முடியாது. அவற்றைக் காதால் கேட்டே பழக வேண்டும்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு நாளும் புழங்கும் சொல்லொன்றை எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தமானியை நோர்வேஜிய மொழியில் ‘ப்லூத்ருக்ஸ்மோலெர்’ என்பார்கள். அதில் ‘ப்லூ’ இரத்தம், ‘த்ருக்’ அழுத்தம், ‘மோலெர்’ அளக்கும் கருவி. எழுதும்போது ‘ப்லூ’வின் கடைசியில் ‘டீ’ (d) எழுத்து இருக்கிறது. சொல்லும்போது அது ஒலிப்பதில்லை. நடுவில் நிற்கும் ‘எஸ்’ எந்தச் சொல்லுக்கும் உரியதல்ல, அது ஒட்டுவதற்காக வந்த எழுத்து. ஆனாலும் உச்சரிக்கும்போது அது தனக்கு முன்னுள்ள துண்டோடுதான் சேரும். ‘ப்லூ-த்ருக்ஸ்-மோலெர்’ என்று பிரிக்க வேண்டுமே தவிர, ‘த்ருக்-ஸ்மோலெர்’ என்று பிரிக்கக் கூடாது. முதன்மை அழுத்தம் ‘ப்லூ’வில் விழும், ‘மோ’வில் அதைவிடக் குறைந்த இரண்டாம் அழுத்தம் இருக்கும். நோர்வேஜிய மொழியில் பொருள்களின் பெயர்களுக்கும் பால் உண்டு. கடைசித் துண்டாகிய ‘மோலெர்’ ஆண்பாற் சொல், ஆகவே முழுச் சொல்லும் ஆண்பால். எத்தனை துண்டுகள் சேர்ந்தாலும் பாலையும் பன்மை விகுதியையும் தீர்மானிப்பது கடைசித் துண்டு மட்டுமே. நீண்ட சொற்களின் பாலை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை என்பது புதிதாகப் படிப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய சுமைக்குறைப்பு என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அந்த ‘எஸ்’ எப்போது வரும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது. ஆனால் பயன்படும் போக்குகள் உண்டு. முதல் துண்டே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் ‘எஸ்’ வருவதற்கான வாய்ப்பு மிகுதி. வெறும் அழுத்தமானிக்கு ‘த்ருக்மோலெர்’ போதும். இரத்தம் முன்னால் வந்து சேர்ந்தவுடன் ‘ப்லூத்ருக்ஸ்மோலெர்’ ஆகிவிடுகிறது. வைன் கிண்ணம் ‘வீன்க்லஸ்’, சிவப்பு வைன் கிண்ணம் ‘ரோவீன்ஸ்க்லஸ்’. அதேபோல ‘-ஹேத்’, ‘-ஷூன்’, ‘-தேத்’, ‘-இங்’ என்று முடியும் சொற்களுக்குப் பின்னால் ‘எஸ்’ ஏறக்குறைய எப்போதும் வரும். ஒட்டெழுத்தாக ‘எ’ வரும் சொற்களும், ஒட்டெழுத்தே இல்லாத சொற்களும் ஏராளம். எழுதும்போது ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். வாசிக்கும்போதோ இந்த ‘எஸ்’ நமக்கு உதவியாளர்: நீண்ட சொல்லின் நடுவே ‘-இங்ஸ்’, ‘-ஹேத்ஸ்’, ‘-ஷூன்ஸ்’ என்று கண்டால் அங்கே ஒட்டு இருக்கிறது என்று நம்பிப் பிரிக்கலாம். ‘ஆவ்தேலிங்ஸ்ஸூக்கெப்லையெர்’ என்ற சொல்லைப் பிரிவுக்குப் பொறுப்பான தாதி என்று உடனே விளங்கிக்கொள்வது அந்த ‘இங்ஸ்’ஸால்தான்.

இனி அழுத்தம். தமிழில் நாம் எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே பலம் கொடுத்துப் பேசுகிறோம். நோர்வேஜியரின் காது அப்படிக் கேட்கப் பழகியதல்ல. பலமாக ஒலிக்கும் முதல் அசையைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிக்கும் காது அது. செவிப்புலன் குறைந்த முதியவர்களோடு வேலை செய்யும்போது இது மிகத் தெளிவாகத் தெரியும். எங்கள் இல்லத்தில் இரண்டு காதிலும் கருவி அணிந்த ஒரு மூதாட்டி இருந்தார். எல்லா மெய்யொலிகளையும் ஒழுங்காகச் சொல்லி, அழுத்தத்தை மட்டும் கடைசி அசையில் வைத்து ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால் அவருக்கு அது விளங்கவே விளங்காது. அதே சொல்லை இன்னொருவர் அரைகுறையாக, ஆனால் முதல் துண்டை நீட்டி அழுத்திச் சொன்னால் உடனே தலையசைப்பார். உரக்கச் சொல்வது உதவவில்லை, சரியான இடத்தில் அழுத்துவதே உதவியது. அன்றிலிருந்து புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது தனி எழுத்தொலிகளை அல்ல, அழுத்தத்தை.

முதல் துண்டில் அழுத்தம் என்றால் முதல் அசையில் அழுத்தம் என்று எப்போதும் பொருளாகாது. முதல் துண்டு தனியே நிற்கும்போது அழுத்தம் எந்த அசையில் இருந்ததோ, அந்த அசையிலேயே இருக்கும். பெற்றோருக்கான சொல் ‘ஃபொரெல்த்ரெ’. அதில் ‘ரெல்’ அழுத்தம் பெறும். ஆகவே பாடசாலையின் பெற்றோர் கூட்டமாகிய ‘ஃபொரெல்த்ரெமோதெ’யிலும் ‘ரெல்’தான் ஓங்கி ஒலிக்க வேண்டும். பணம் கட்டும் இறுதி நாளைக் குறிக்கும் ‘பெதாலிங்ஸ்ஃப்ரிஸ்த்’ என்ற சொல்லில் ‘தா’ ஓங்கும். ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் பெயரிலுள்ள ‘உனிவெஷிதேத்ஸ்ஸூக்கெஹூஸ்’ என்ற சொல்லில் நான்கு அசைகளைக் கடந்து ‘தேத்’தில்தான் முதன்மை அழுத்தம் வருகிறது. ஊர்ப்பெயர்களில் விலக்குகள் உண்டு. தெற்கிலுள்ள கிறிஸ்தியான்சான்ட் கடைசித் துண்டில் அழுத்தம் பெறும் பெயர்.

அழுத்தம் பெற்ற அசைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அங்கே உயிர் நெடிலானால் பின்வரும் மெய் குறுகும். உயிர் குறிலானால் மெய் நீளும். ‘தாக்’ என்றால் கூரை, ‘தக்’ என்றால் நன்றி. குறிலும் நெடிலும் அறிந்த நமக்கு இது எளிது, ஆனால் கூட்டுச்சொல்லில் ஒட்டைத் தவறான இடத்தில் வைத்தால் குறில் நெடில் இரண்டும் தலைகீழாகிவிடும். ஒரே காரைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறைக்கு ‘பீல்தேலிங்’ என்று பெயர். ‘பீல்’ கார், ‘தேலிங்’ பகிர்தல். எழுத்தில் அதன் முதல் ஐந்து எழுத்துகள் படத்தைக் குறிக்கும் ‘பில்தெ’ என்ற சொல்லாகவும் இருப்பதால், வேகமாக வாசிப்பவரின் கண் அங்கேதான் போய் நிற்கும். அப்போது ‘பீ’ குறுகிவிடும், கேட்பவருக்குக் காரே காதில் விழாது.

ஒட்டு எங்கே என்று தெரியாமல் ஒலிக்கவே முடியாத எழுத்துச் சேர்க்கைகளும் இருக்கின்றன. இந்தப் பகுதியை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். நோர்வேஜிய மொழியில் ‘எஸ்-கே-ஜே’ என்ற மூன்று எழுத்துகள் ஒரே துண்டில் சேர்ந்து வந்தால் ‘ஷ்’ என்று ஒலிக்கும். ‘எஸ்-கே’க்குப் பின்னால் ‘ஐ’ வந்தாலும் அப்படித்தான். பனிச்சறுக்குக்கான சொல் ‘ஷீ’ என்று ஒலிப்பது அதனால்தான். ஆனால் ‘கே-ஜே’ மட்டும் தனியே வந்தால் ஒலி வேறு: ‘ய’வைக் குரல் சேர்க்காமல் வெறும் மூச்சாகச் சொன்னால் வரும் மெல்லிய ஒலி அது, ‘ஹ்ய’ என்று எழுதி ஓரளவு காட்டலாம். இப்போது ஞானஸ்நான உடைக்கான சொல்லைப் பாருங்கள். ‘தோப்’ ஞானஸ்நானம், ‘ஹ்யூலெ’ பெண்கள் அணியும் கவுன், நடுவில் ஒட்டெழுத்து ‘எஸ்’. எழுதினால் ‘எஸ்-கே-ஜே’ என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். கண்ணை மட்டும் நம்பினால் ‘தோப்ஷூலெ’ என்று வாசித்துவிடுவோம். ‘தோப்ஸ்-ஹ்யூலெ’ என்பதே சரி. அரச திருச்சபையைக் குறிக்கும் ‘ஸ்தாத்ஸ்-ஹ்யிர்கெ’யிலும் இதே நிலைதான், அதை ‘ஷி’ என்று ஒலித்தால் கோயில் மறைந்துவிடும். 2012இல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, 2017இல் நோர்வேயின் திருச்சபை தனிச் சட்ட ஆளுமை பெற்ற பின்னரும் செய்திகளில் இந்தச் சொல் அடிபடுகிறது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பொலிஸ் வண்டி மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் ‘ஊத்ருக்னிங்ஸ்-ஹ்யோரெதோய்’ என்ற சொல்லைச் சாரதிப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவரும் சந்திப்பார்கள். அதிலும் ‘இங்ஸ்’ என்று நிறுத்தி, மூச்சொலியோடு மறுபடி தொடங்க வேண்டும்.

‘என்-ஜீ’ சேர்க்கையும் இப்படிப்பட்டதுதான். ஒரே துண்டில் அது ‘ங்’. ஒட்டின் இரு பக்கமும் பிரிந்து நின்றால் ‘ன்’ வேறு, ‘க்’ வேறு. முன்பு சொன்ன ‘வீன்க்லஸ்’ஸை ஒட்டுத் தெரியாமல் வாசிப்பவர் ‘விங்-லஸ்’ என்பார். ‘விங்’ என்றால் சிறகு, ‘லஸ்’ என்றால் சுமை, இரண்டும் உண்மையான சொற்களே என்பதால் கேட்பவர் இன்னும் குழம்புவார். காலை உணவுக்கு நாங்கள் வெட்டிக் கொடுக்கும் பாண் துண்டு ‘ப்ரோஷீவெ’. அங்கே ‘டீ’ ஊமை, அதையடுத்த ‘எஸ்-கே-ஐ’ ஒரே துண்டைச் சேர்ந்தது என்பதால் ‘ஷீ’. இங்கே ‘எஸ்’ ஒட்டெழுத்தல்ல. ஆகவே ‘எஸ்’ஸைக் கண்ட இடமெல்லாம் வெட்டிவிடவும் கூடாது. பின்னால் மிஞ்சும் துண்டு தனிச் சொல்லாக நிற்குமா என்று பார்ப்பதே சோதனை: ‘ஹ்யூலெ’ நிற்கும், ‘ஹ்யிர்கெ’ நிற்கும், பாண் துண்டில் ‘எஸ்’ஸை வெட்டிவிட்டால் மிஞ்சுவது அங்கே பொருந்தும் சொல் அல்ல.

தமிழர்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்த ஒரு நன்மையும் இந்த மொழியில் உண்டு. கிழக்கு நோர்வேயிலும் வடக்கிலும் ‘ஆர்’ எழுத்துக்குப் பின்னால் ‘டி’, ‘டீ’, ‘என்’, ‘எல்’, ‘எஸ்’ வந்தால் இரண்டும் கலந்து நாக்கு வளைந்த ஒரே ஒலியாகிவிடும். ‘கத்’ என்றால் பூனை. எழுத்தில் ‘ஆர்’ சேர்ந்த ‘கட்’ என்றால் வரைபடம். ‘பாண்’ என்றால் குழந்தை. வேறு நாடுகளிலிருந்து வந்து எங்களோடு படித்த பலர் இந்த ‘ட்’, ‘ண்’, ‘ள்’ ஒலிகளுக்காகப் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். நமக்கு அவை தாய்மொழி ஒலிகள். இந்தக் கலப்பு ஒட்டைத் தாண்டியும் நடக்கும் என்பதையே நாம் கவனிக்க வேண்டும். ‘ஓவெர்’ என்பதோடு ‘தீத்’ சேர்ந்தால் மேலதிக நேர வேலை, ஆனால் ஒலி ‘ஓவெடீத்’. குளிர்காலத்துக்கான ‘வின்தெர்’ என்பதோடு காலணிக்கான ‘ஸ்கூ’ சேர்ந்தால் ‘வின்தெஷ்கூ’. பாலர் பள்ளியில் ஆசிரியை “வின்தெஷ்கூ கொண்டு வாருங்கள்” என்று சொல்ல, அறிவித்தலில் ‘ஆர்’, ‘எஸ்’ இரண்டையும் பார்த்த தாய் இரண்டும் ஒரே பொருள்தானா என்று தயங்குவது இதனால்தான். தனிச் சொற்களுக்கு இடையிலும் இதே கலப்பு நடக்கும். தமிழில் ‘பல் + நான்கு’ சேரும்போது எழுத்தே மாறிவிடுகிறது. நோர்வேஜியர் எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றுகிறார்கள். புணர்ச்சி ஒன்றுதான், அதை எழுதிக் காட்டுவதில்லை.

பேர்கன், ஸ்தவாங்கர், கிறிஸ்தியான்சான்ட் பகுதிகளுக்குப் போனால் இதையெல்லாம் கேட்க முடியாது. அங்கே ‘ஆர்’ தொண்டையிலிருந்து வருவதால் அடுத்த எழுத்தோடு கலப்பதில்லை. குழந்தை அங்கே ‘பார்ன்’ தான். நோர்வேயில் பேச்சுக்கென்று அரசு விதித்த ஒரே தரம் கிடையாது, அவரவர் வட்டார வழக்கிலேயே தொலைக்காட்சியிலும் நாடாளுமன்றத்திலும் பேசுகிறார்கள். ஆகவே எந்த ஊரில் வாழ்கிறீர்களோ அந்த ஊரின் ஒலியையே பழகுங்கள்.

ஏற்ற இறக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே எழுத்தொலிகள் கொண்ட இரு சொற்களைச் சுருதி மட்டுமே வேறுபடுத்தும் மொழி இது. விவசாயிகளைக் குறிக்கும் சொல்லும் அவரையைக் குறிக்கும் சொல்லும் இரண்டும் ‘பொன்னெர்’ போலத்தான் ஒலிக்கும். ஒஸ்லோவில் முதலாவது தாழ்ந்து தொடங்கி ஏறும், இரண்டாவது உயர்ந்து தொடங்கி விழுந்து பிறகு ஏறும். கூட்டுச்சொல் முழுவதும் ஒரே சுருதி வளைவுக்குள் அடங்க வேண்டும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. ‘லம்மெலோர்’ என்று ஒரே வளைவில் சொன்னால் ஆட்டுத் தொடை இறைச்சி. ‘லம்மெ, லோர்’ என்று இரண்டு அழுத்தம் கொடுத்தால் செயலிழந்த தொடைகள். சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதக் கூடாது என்று நோர்வேஜியப் பாடசாலைகளில் வற்புறுத்துவதற்கும் இதுவே அடிப்படை. சுருதி கைவரவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். பேர்கனுக்கு வடக்கே சில இடங்களிலும் நாட்டின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கின் பல பகுதிகளிலும் இந்தச் சுருதி வேறுபாடே கிடையாது. எண்பதுகளில் ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்த என் மாமா, அந்த ஆலைக்கான ‘ஃபிஸ்கெப்ரூக்’ என்ற சொல்லை இன்றும் அந்த ஊர்க்காரரைப்போல முதல் துண்டை அழுத்திச் சொல்வார். சுருதி ஒஸ்லோவினுடையது அல்ல, ஆனால் ஒஸ்லோவில் எவரும் அவரிடம் “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டதில்லை. முதலில் அழுத்தம், பிறகு நீளம், அதன் பிறகே சுருதி என்ற வரிசையில் நான் சொல்லிக்கொடுப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

எழுத்தில் மறையும் ஒட்டுகளையும் அறிந்திருப்பது நல்லது. ஒரே மெய்யெழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வர நேர்ந்தால் ஒன்றை விட்டுவிடுவார்கள். ‘நத்’ இரவு, ‘தோக்’ தொடருந்து. சேர்த்து எழுதும்போது மூன்று ‘டி’க்குப் பதில் இரண்டுதான் இருக்கும். காட்டுச் சால்மன் மீனுக்கான ‘வில்லக்ஸ்’ஸில் ‘எல்’ இரண்டுதான். ஆனால் வரியின் முடிவில் இடம் போதாமல் சொல்லை ஒடிக்க நேர்ந்தால் விட்ட எழுத்து திரும்பி வரும்: ‘வில்’ என்று இரண்டு ‘எல்’லோடு ஒரு வரி முடிய, ‘லக்ஸ்’ என்று அடுத்த வரி தொடங்கும். இதைப் பார்த்த பிறகு அந்தச் சொற்களைப் பிரிப்பதில் தடுமாற்றம் வராது.

புதியவர்களோடு நான் பயிற்சி செய்யும் முறை எளியது. பென்சிலால் ஒட்டுகளில் கோடு போடச் சொல்வேன். பிறகு கடைசித் துண்டைத் தனியே சொல்ல வேண்டும், அதன் முன்னுள்ள துண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், அப்படியே முன்னோக்கி நகர்ந்து முழுச் சொல்லையும் எட்ட வேண்டும். வதிவிட அனுமதிக்கான சொல்லானால் முதலில் ‘தில்லாதெல்ஸெ’, பிறகு ‘ஒப்ஹொல்ஸ்-தில்லாதெல்ஸெ’. இப்படிச் செய்யும்போது மூச்சு முட்டுவதில்லை, நீளத்தைக் கண்டு பயமும் வருவதில்லை. முழுச் சொல்லை எட்டியதும், முதல் துண்டின் அழுத்தமான அசையில் மேசையை ஒரு முறை மட்டும் தட்ட வேண்டும். கை இரண்டு முறை தட்டினால் சொல் இரண்டாக உடைந்துவிட்டது என்று பொருள். மெய்யெழுத்துகள் நெருக்கும் இடத்தில் நடுவே உயிரொலியைச் செருகாமல் இருக்கவும் இதே பயிற்சி உதவும். அச்ச அலறலைக் குறிக்கும் ‘அங்ஸ்த்ஸ்க்ரீக்’ என்ற சொல்லில் ஏழு மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. ‘அங்ஸ்த்’ என்று முடித்து ‘ஸ்க்ரீக்’ என்று தொடங்கினால் அதுவும் வாய்க்கு வந்துவிடும்.

கைபேசியில் தன் குரலைப் பதிந்து, அதே சொல்லை நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயின் வானொலியில் கேட்ட ஒலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். என்ஆர்கேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் திரையில் வரும் வசன எழுத்தோடு பார்த்தால் கண்ணும் காதும் ஒன்றாகப் பழகும். துரொந்தெய்மிலுள்ள என்டிஎன்யு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் தொடக்கநிலைப் பாடத்தில் கேட்டல் பயிற்சிகள் உள்ளன. நோர்வேஜிய அகாதமியின் இணைய அகராதி உச்சரிப்பையும் தருகிறது. பேர்கன் பல்கலைக்கழகமும் மொழிப் பேரவையும் நடத்தும் பூக்மோல் (நோர்வேஜியத்தின் இரு எழுத்து வழக்குகளில் ஒன்று) அகராதி எழுத்துக்கூட்டலுக்கும் பாலுக்கும் போதுமானது. நீண்ட கூட்டுச்சொற்கள் பல எந்த அகராதியிலும் முழுமையாக இருக்காது, ஏனென்றால் தேவைக்கேற்ப அவற்றை அன்றன்றே உருவாக்கிக்கொள்கிறார்கள். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் சொல்லின் முன்பக்கத்திலிருந்து ஒரு துண்டை நீக்கிவிட்டு மீதியைத் தேடுங்கள். கிடைக்கும்வரை அப்படியே நீக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் அகராதியில் அகப்படும் பகுதி எங்கே தொடங்குகிறதோ, அங்கே பெரும்பாலும் ஒட்டு இருக்கும்.